லிஃப்ட்டில் ஏறாத அக்கா

ஒரு தமிழர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் நான் ஜப்பான் முறை மூலிகை வைத்தியத்துக்குப் போனேன். ஜெர்மனியில், எசன் நகரில் நாங்கள் இருக்கும் பகுதியில் டொக்டரிடம் போனால், காத்திருக்கும் அறையிலேயே நாலு பேர் "என்ன வருத்தம்?" என்று விசாரிப்பார்கள். நான் வீடு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஐந்தாவது ஆள் மனைவிக்குத் தொலைபேசியில் துக்கம் விசாரித்து முடித்திருப்பார். டுசல்டோர்ஃபில் ஒரு ஜெர்மன் டொக்டர் இருக்கிறார், ஜப்பானில் சில வருடங்கள் படித்தவர், கம்போ என்று அவர்கள் சொல்லும் மூலிகை மருத்துவத்தால் பதகளிப்புக்கும் திடீர்ப் பயத்துக்கும் மருந்து கொடுக்கிறார் என்று இணையத்தில் கண்டேன். அங்கே எந்தத் தமிழன் வரப்போகிறான் என்று உடனே டெர்மின், அதாவது டொக்டரைச் சந்திக்க நேரம், எடுத்தேன்.

லிஃப்ட்டில் மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தால், வரவேற்பு மேசையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார்.

திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் ஜெர்மன் மொழியில் வணக்கம் சொன்னேன், அவரும் ஜெர்மன் மொழியிலேயே பதில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. காப்புறுதி அட்டையை நீட்டினேன். அப்பாவின் பெயரும் என் பெயரும் சேர்ந்தால் அந்த அட்டையில் இடம் போதாது, கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெரிந்து நிற்கும். அவர் அதை ஆறுதலாக வாசித்தார்.

"அண்ணை எந்த இடம்?"

"எசன்."

"அது கிடக்கு, அட்ரஸிலை பாத்தனான். ஊரிலை எந்த இடம்?"

"இளவாலை," என்றேன். தோற்றுவிட்டேன்.

"ம். என்னத்துக்குப் பயம்?"

சுற்றிப் பார்த்தேன். காத்திருந்தவர்கள் இரண்டு ஜப்பான் பெண்களும் ஒரு ஜெர்மன் கிழவரும்தான். இருந்தாலும் எனக்கு வியர்த்தது. "பயம் ஒண்டுமில்லை, சும்மா ஒரு செக்கப்," என்றேன்.

"எனக்குப் பயம்," என்றார் அவர். "லிஃப்ட்டிலையோ வந்தனீங்கள்? நான் ஏறமாட்டன். பயம்." தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லுகிற குரலில் அதைச் சொன்னார். பிறகு கணினியில் என்னவோ தட்டி, "அந்தக் கதிரையிலை இருங்கோ," என்றார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். டொக்டர் ஓய்வு பெற்று, அந்த இடத்தில் இப்போது நகம் அழகுபடுத்தும் கடை வந்துவிட்டது. அக்கா எங்கே போனார் என்று தெரியாது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்பதைக் கடைசி வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பெயரைச் சட்டையில் குத்தியிருந்த சிறிய தகட்டில் பல தடவை வாசித்திருக்கிறேன். ஆனாலும் என் மனதில் அவர் அக்காதான்.

என் பயத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓட்டோபான் பயம். ஜெர்மனியின் அந்த அகலமான, வழுவழுப்பான, எல்லோரும் ஒழுங்காக சிக்னல் போட்டுப் போகும் அதிவேகச் சாலை. அதில் ஏறினால் நெஞ்சு அடிக்கும், கை விறைக்கும், தொண்டைக்குள் எதுவோ அடைக்கும், இதோ செத்தேன் என்று தோன்றும். நான் நாட்டை விட்டு வந்தது ஒரு லொறிக்குள், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்து. அன்றைக்கு அந்த லொறிக்குள் குறட்டை விட்டு நித்திரை கொண்டதாகக் கூட வந்தவர்கள் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட வீரன், ஐம்பது தாண்டியபின், சொந்தக் காரில், பாட்டுக் கேட்டுக்கொண்டு, எசன் சுரங்கப் பாதைக்குள் நுழைந்த இடத்தில் நடுங்கிப்போனான். குடும்ப டொக்டர் பார்த்தார், இதய டொக்டரும் பார்த்தார். இதயம் பிழையில்லை என்று சொன்னபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். இதய வருத்தம் என்றால் மதிப்பாக வெளியே சொல்லலாம், அப்பிள் பையோடு ஆட்கள் பார்க்க வருவார்கள். ஓட்டோபானைக் கண்டு பயம் என்றால் யார் அப்பிள் கொண்டுவருவார்கள்?

அதிலும் நான் எங்கள் ஆட்களுக்குள் பேர்போன சாரதி. விமான நிலையமா, டோர்ட்மண்டில் கலியாணமா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. பெற்றோல் மிச்சம் என்றேன். வேலை நடக்கிறது, ஓட்டோபான் அடைத்துவிட்டார்கள் என்றேன். இயற்கையைப் பார்த்துக்கொண்டு போவோம் என்று கூடச் சொன்னேன். பட்டுச்சேலை கட்டிய சனத்தை மாட்டுப் பண்ணை வழியாக ஏற்றிக்கொண்டு போய், தாலி கட்டி முடிந்தபிறகு மண்டபத்தில் இறக்கியிருக்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். மகள் பீலெஃபெல்டில் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். "அப்பா, நோ தொடங்கினவுடனை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ," என்று சொல்லியிருந்தாள். பண்ணை வழியாகப் போனால் பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, முதல் பல்லும் முளைத்துவிடும். ரயிலில் போகலாமே என்பீர்கள். மனைவி கொண்டுபோக வைத்திருந்த பானை சட்டிகளையும், பிள்ளைப்பெற்றவளுக்கான சரக்குத் தூளையும், ஒரு வாளி நல்லெண்ணெயையும் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள். இதற்காகத்தான் நான் டுசல்டோர்ஃப் வரை போய் ஒரு கதிரையில் இருந்தேன்.

என் ஜெர்மன் அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களை நிரப்பவும் வேலையிடத்தில் சண்டை பிடிக்கவும் போதும். நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்லப் போதாது. ஆகவே அக்காவே உள்ளே வந்து மொழிபெயர்த்தார். டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார். பிறகு காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்தார். ஜப்பான் முறையில் பாதிக் கதையை வயிறுதான் சொல்லுமாம். அவர் விலா எலும்புக்குக் கீழே அமர்த்தியதும் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். ஐம்பது தாண்டிய ஆம்பிளை, மீசையோடு. திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா, "அவருக்குக் கூச்சம், பயமில்லை," என்று டொக்டருக்கு விளக்கினார். டொக்டர் என் தொப்புளுக்குப் பக்கத்தில் விரல் வைத்தார். அங்கே நாடி துடிக்கிறது, பயந்தவர்களுக்கு அப்படி இருப்பதுண்டு என்றார். நெஞ்சில் இருந்ததாக நான் நினைத்த இரகசியம் வயிற்றில் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மருந்து எழுதினார். கோதுமை, அதிமதுரம், உலர்ந்த இலந்தைப்பழம். மூன்றே சாமான். இதற்கா ஜப்பான் வரை போய்ப் படித்தார் என்று எனக்குள் ஒரு நக்கல் எழும்பியது. அக்கா அப்போது டொக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தை மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"என்னவாம்?"

"இது அந்தக் காலத்திலை... காரணமில்லாமல் அழுகிற பொம்பிளையளுக்கும், வீரிட்டு அழுகிற குழந்தைப்பிள்ளையளுக்கும் குடுத்த மருந்தாம் அண்ணை."

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். "எனக்கேன் அது?"

"நானும் இதைத்தான் குடிக்கிறன். நான் பொம்பிளைதானே, எனக்குப் பிரச்சினையில்லை," என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

டொக்டர் நேர்மையானவர். மருந்து மட்டும் காணாது, கதைத்து மாற்றுகிற வைத்தியரிடமும் பெயர் பதிந்து வையுங்கள், இடம் கிடைக்க மாதக்கணக்காகும் என்றார். ஓட்டோபானில் ஒரு வாசலில் ஏறி அடுத்த வாசலில் இறங்கிப் பழகுங்கள், அடைக்கிறமாதிரி இருந்தால் ஓரத்தில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள் என்றார். வேறு என்ன மருந்து குடித்தாலும், இரத்த அழுத்தம் இருந்தாலும் சொல்லவேண்டும், அதிமதுரம் கூடினால் கால் வீங்கும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

அக்காவோடு தெருவில் போவது தனி அனுபவம். ஒருநாள் வேலை முடிந்து அவரும் நானும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டோம். லிஃப்ட் கதவு திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் படியில் இறங்கினார், நானும் மரியாதைக்கு இறங்கினேன். டிராம் தரிப்பிடத்தில் ஒரு பெரிய நாய் நின்றது. நான் நாய்க்குப் பயப்படுகிறவன் இல்லை என்று காட்டிக்கொண்டு மெதுவாகத் தள்ளிப்போய் விளம்பரப் பலகையை வாசிக்கத் தொடங்கினேன். அக்கா நேரே நாய்க்காரியிடம் போய், "எனக்கு உங்கள் நாயைக் கண்டு பயம், கயிற்றைக் கொஞ்சம் கட்டையாகப் பிடியுங்கோ," என்று தெளிவான ஜெர்மன் மொழியில் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். அவ்வளவுதான் வேலை. நான் அந்தப் பலகையில் பற்பசை விளம்பரத்தை மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, கட்டித்தானே கிடக்கு," என்றேன், பெரிய மனிதனாக.

அவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. "அந்தச் சொல்லை எனக்குச் சொல்லாதேங்கோ," என்றார்.

டிராம் வந்தது. ஏறி இருந்தபிறகு அவராகவே சொன்னார். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருக்கும்போது அவருடைய அப்பா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஓயாமல் "பயப்பிடாதேங்கோ, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லுவாராம். அப்பாவின் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்குமாம். "அப்ப எனக்கு என்ன விளங்கினது எண்டால், இஞ்சை எனக்கு மட்டும்தான் பயம், மற்ற ஒருத்தருக்கும் இல்லை எண்டு. எனக்கும் பயமாக் கிடக்குப் பிள்ளை எண்டு அந்த மனிசன் ஒருக்கால் சொல்லியிருந்தால் நான் தனிச்சுப்போயிருக்கமாட்டன்."

அதைக் கேட்டும் நான் திருந்தினேனா என்றால் இல்லை. வீட்டில் மருந்தை அவிக்கும்போது மனைவி என்னவென்று கேட்டார். தடிமன், சளி பிடித்திருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன், குசினிக்குள் நின்று சொல்லவேண்டிய பொய் ஒன்று குறையும் என்று. இரண்டு கிழமையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் வரி வரியாக அதன் தடம். விரலால் அமர்த்தினால் குழி விழுந்தது. டொக்டரிடம் ஓடினேன். இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அவர் மருந்தை நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, வேறு ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வீட்டிலை ஆர் அவிக்கிறது?"

"மனிசி."

"மனிசிக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"தடிமன் எண்டு."

"பேந்தென்ன! தடிமன் எண்டால் எங்கட பொம்பிளையள் சும்மா விடுவினமோ? தங்கட கைச்சரக்கையும் போட்டிருப்பா. போன் அடிச்சுக் கேளுங்கோ."

கேட்டேன். மனைவி பெருமையாகச் சொன்னார், இருமலுக்கு அதிமதுரம் நல்லது, அந்தப் பொட்டலத்தில் இருந்தது காணாது என்று தமிழ்க்கடையில் வாங்கி இன்னொரு கைப்பிடி போட்டாராம், மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்து. கதையைக் கேட்டு டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்திருப்பார்.

வீக்கம் வற்றிப் பரிசோதனை சரியாக வந்தபிறகு மருந்தைக் குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கினார். உண்மையைச் சொல்லிவிட்டு அவிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் வீட்டுக்குப் போய், தடிமன் இல்லை, வாய்வு என்றேன். மனைவி உள்ளிப் பூண்டை உரிக்கத் தொடங்கியதும்தான், இனி நானே அவிக்கிறேன் என்று சட்டியைப் பறித்தேன். அதை அக்காவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பயத்தை மறைக்க எத்தினை வருத்தத்தை அண்ணை இழுத்துப் போடுவியள்?"

சனிக்கிழமைகளில் கடைக்குப் போவதாகச் சொல்லி, ஒரு வாசலில் ஏறி அடுத்ததில் இறங்கப் பழகினேன். பிறகு இரண்டு வாசல். மருந்தாலா, பழக்கத்தாலா, அக்காவிடம் பேசியதாலா என்று தெரியாது. நெஞ்சு அடிப்பது கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது வாசலுக்கு நான் இன்னும் துணியாதபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். நோ தொடங்கிவிட்டது.

பானை சட்டி, எண்ணெய் வாளி, மனைவி, எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன். ஏ இரண்டு என்னும் ஓட்டோபானில் ஏறினேன். பக்கத்தில் மனைவி செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். டோர்ட்மண்ட் தாண்டும்வரை சமாளித்தேன். ஹம் என்ற ஊர் நெருங்க, இரண்டு லொறிகளுக்கு நடுவில், எல்லாம் ஒன்றாக வந்தது. கை விறைத்தது. நல்ல காலம், ஓய்விடத்துக்கான பலகை தெரிந்தது. இறங்கி நிறுத்தி, "கழிவறைக்குப் போட்டு வாறன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கழிவறைக்குப் பின்னால் நின்று டுசல்டோர்ஃபுக்கு அடித்தேன். எடுத்தது அக்கா.

"அக்கா, நான் எசன் அண்ணை. ஏ ரெண்டிலை, ஹம்முக்குக் கிட்ட, கார் நிப்பாட்டிற இடத்திலை நிக்கிறன். மகளுக்கு நோ தொடங்கீட்டுது. என்னாலை ஏலாது அக்கா."

"ஐயோ," என்றார். "அது என்ன இரைச்சல்? லொறியளோ?"

"ஓம்."

"ஐயோ அண்ணை, எனக்கு நெஞ்சு அடிக்குது. பொறுங்கோ, நான் இருக்கிறன்." கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "எனக்குக் கை குளிருது. பிள்ளை அங்கை பாத்துக்கொண்டெல்லோ இருக்கும்? என்ன செய்யப்போறம்?"

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடியுங்கோ."

"மண்டையே ஓடுதில்லை அண்ணை."

"குடியுங்கோ முதல். நான் பாதுகாப்பாத்தான் நிக்கிறன். லொறியள் வலக்கைப் பக்கத்தாலை தங்கடை பாட்டிலை போகுது. இனிக் கொஞ்சத் தூரம்தான். நான் ஆறுதலா அவங்களுக்குப் பின்னாலை போவன். பயப்பிடாதேங்கோ அக்கா."

"அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ!"

"சரி சரி. பயப்பிடுங்கோ."

"ஓம். நீங்களும் பயந்துகொண்டு ஓடுங்கோ. போய்ச் சேர்ந்தவுடனை எடுங்கோ. எடுக்காட்டி இண்டைக்கு நான் ஒரு வேலையும் செய்யமாட்டன், சொல்லிப்போட்டன்."

கைபேசியை வைத்தபோது விறைத்திருந்த என் விரல்கள் மடங்கி நீண்டன. பாவம், அந்த மனிசியை இப்படிப் பதற விட்டுவிட்டேனே, கெதியாகப் போய்ச் சேர்ந்து சொல்லவேண்டும் என்ற ஒன்றுதான் மண்டையில் ஓடியது. காருக்குள் ஏறினேன். சாவியைத் திருப்பவில்லை.

"இஞ்சை பாரும். எனக்கு ஓட்டோபானிலை ஓடப் பயம்," என்றேன்.

மனைவி செபமாலையை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமோ?"

"பின்னை? ரெண்டு வருசமா என்னை மாட்டுப் பட்டியெல்லாம் சுத்திக் காட்டேக்கை, இயற்கை பாக்கிறியள் எண்டே நினைச்சனான்? நான் என்ன சும்மாவோ இதை உருட்டுறன்? நீங்கள் ஓட எனக்கும் பயம்தான். எடுங்கோ காரை."

லொறிகளுக்குப் பின்னால், பயந்துகொண்டே, பீலெஃபெல்ட் வரை ஓடினேன். என் பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் என்னை என்னவெல்லாம் திட்டினார்களோ தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்து பார்த்தபோது பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்பாடா, நான் தேத்தண்ணி குடிக்கிறன்," என்றார். அன்று பின்னேரம் பேத்தி பிறந்தாள், வீரிட்டு அழுதுகொண்டு. என் மருந்தில் பாதி இவளுக்கும் உரியது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டெர்மினுக்கு லட்டுப் பெட்டியோடு போனேன். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. வைத்தியசாலையில் வேலை செய்கிறவர், எத்தனை பேரைக் கண்டவர், அன்றைக்கு என்னைத் தேற்றத்தான் அப்படி ஒரு நாடகம் போட்டிருப்பார் என்று என் புத்தி சொன்னது. கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. அண்டைக்கு எனக்காகத்தானே பயந்தமாதிரி நடிச்சனீங்கள்?"

அக்கா லட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"எனக்கு நடிக்கத் தெரிஞ்சிருந்தால், அண்ணை, நான் எப்பவோ லிஃப்ட்டிலை ஏறியிருப்பனே."